முதல் மூன்று நாள்கள்: மருத்துவமனையில் தாய்ப்பாலுக்கான ஆயத்தம்

மகப்பேற்றுச் செலவுக்காக நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்னரே முடித்துக்கொள்ள வருவோரை வங்கிக் கிளையில் அடிக்கடி காணலாம். அவர்களுள் பெரும்பாலோர் நல்ல கணக்கோடு வருகின்றனர். அறை வாடகை இவ்வளவு, அறுவை சிகிச்சை நேர்ந்தால் இவ்வளவு, காப்பீட்டில் திரும்பக் கிடைப்பது இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதியே வைத்திருப்பர். தொட்டிலுக்கும் துணிமணிக்கும்கூட அதில் இடமுண்டு. பிறந்த குழந்தைக்கு முதல் மூன்று நாள்கள் எவ்வாறு பாலூட்டப் போகிறோம் என்பது மட்டும் அத்தாளில் இராது. அது தானே நிகழும் என்பது பொது நம்பிக்கை. செலவில்லாத காரியத்துக்குத் திட்டம் எதற்கு என்றும் தோன்றக்கூடும்.

நான் மருத்துவத் துறையைச் சார்ந்தவள் அல்லள். வணிகவியல் பயின்று வங்கிப் பணிக்கு வந்தவள். மகப்பேறு விடுப்பில் செல்லும் இளம் தோழியர் கேட்கும் ஐயங்களை முன்னிட்டு, மருத்துவரிடமும் செவிலியரிடமும் கேட்டறிந்தவற்றையும் படித்தறிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன். உங்கள் மருத்துவரின் அறிவுரைக்கு இது மாற்றன்று. அவரிடம் என்ன கேட்பது என்று அறிய உதவினால் போதும்.

ஆயத்தம் ஏன் தேவை என்பதற்குச் சில எண்கள். 2019–21 ஆம் ஆண்டுகளுக்கான தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 88.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவ நிறுவனங்களில் நிகழ்கின்றன. ஆயினும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் 41.8 விழுக்காட்டினரே. கேரளத்தில் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் மருத்துவமனையில்தான் பிறக்கின்றன. இங்கும் மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு அந்த முதல் மணி நேரம் கைநழுவிவிடுகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பால் மட்டுமே அருந்துவோர் பாதியைச் சற்றே கடக்கின்றனர். 2002 ஆம் ஆண்டில் யுனிசெஃப் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் உலகின் முதல் 'குழந்தை நேய மாநிலம்' என்று அறிவித்த மாநிலம் இது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். நல்ல மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பாலூட்டல் தானே அமைந்துவிடும் என்று இருந்துவிட இயலாது என்பதையே இவ்வெண்கள் காட்டுகின்றன.

எல்லாக் குழப்பமும் தொடங்குவது முதல் மூன்று நாள்களில்தான். எனவே அந்நாள்களில் உடலுக்குள் நிகழ்வதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சீம்பால் கருவுற்ற நடுமாதங்களிலேயே மார்பில் உருவாகத் தொடங்கிவிடுகிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியேறியதும் தாயின் உடலில் புரொஜெஸ்டிரோன் எனும் ஹார்மோனின் அளவு சரிகிறது. அதுவரை அடக்கி வைக்கப்பட்டிருந்த புரோலாக்டின் எனும் ஹார்மோன் பால் சுரக்கும் பணியை முழுமையாக மேற்கொள்கிறது. பால் பெருகி மார்பு கனப்பது பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில்தான். முதற்பிரசவத்திலும், அறுவை சிகிச்சைக்குப் பின்னரும், சர்க்கரை நோயுள்ள தாய்மாரிடமும் இது சற்றுத் தாமதமாகலாம். அதுவரை வருவது மஞ்சள் நிறமுடைய, கெட்டியான, அளவில் மிகக் குறைந்த சீம்பால்.

எவ்வளவு குறைவு? முதல் நாளில் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லிலிட்டர் வரையே குழந்தை அருந்துகிறது. இரண்டாம் நாளில் 5 முதல் 15, மூன்றாம் நாளில் 15 முதல் 30 மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டி 5 மில்லிலிட்டர் கொள்ளும். ஆகவே முதல் நாள் குழந்தையின் ஒரு வேளை உணவு ஒரு தேக்கரண்டி, மிஞ்சிப்போனால் இரண்டு தேக்கரண்டி. இந்த அளவை முன்னரே அறிந்திராத குடும்பத்தினர், மார்பை அழுத்திப் பார்த்து இரண்டு துளிகளே வருவதைக் கண்டதும் "பாலே இல்லையே!" என்கின்றனர். பிரசவ வலியில் தளர்ந்து கிடக்கும் பெண்ணின் காதில் விழும் முதல் தீர்ப்பு அது. அத்தீர்ப்பு அவளை நெடுநாள் விடாது.

மற்றொன்றும் அறியத்தக்கது. முதல் சில நாள்கள் கழிந்தபின், பால் சுரப்பின் அளவை முடிவு செய்வது மார்பிலிருந்து வெளியேறும் பாலின் அளவே. எடுக்க எடுக்க இருப்புக் குறையும் கணக்குகளைப் பார்த்துப் பழகிய எங்களைப் போன்றோர்க்கு இது வியப்பளிக்கும்: இந்தக் கணக்கில் எடுக்க எடுக்க வரவு மிகுகிறது, எடுக்காமல் விட்டால் வரவு குன்றிவிடுகிறது. ஒரு வேளை புட்டிப்பால் கொடுக்கப்படுகிறது என்று கொள்வோம். வயிறு நிறைந்த குழந்தை மூன்று, நான்கு மணி நேரம் உறங்குகிறது. அந்நேரத்தில் மார்பு தூண்டப்படுவதில்லை. அடுத்த வேளைக்குச் சுரப்பு குறைகிறது. "பார்த்தீர்களா, போதவில்லை" என்று இரண்டாம் புட்டி வருகிறது. முதற்புட்டியை நியாயப்படுத்தும் சான்றை அம்முதற்புட்டியே உண்டாக்கிவிடுகிறது. போதாமையால் தொடங்கியதாகக் கருதப்படும் புட்டிப்பால் பல வேளைகளில் போதாமைக்கே காரணமாகிறது.

ஆகவே 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை மார்பில் வைப்பது என்பதை முதல் நாளிலேயே நடைமுறையாக்கிக்கொள்ள வேண்டும். கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. குழந்தையைப் பார்த்தால் போதும். கையை வாய்க்குக் கொண்டு செல்வதும், தலையைத் திருப்பி வாய் திறந்து தேடுவதும் பசியின் அறிகுறிகள். அழுகை கடைசியில் வருவது. அழுது களைத்த குழந்தை மார்பைச் சரியாகப் பற்றாது. இரண்டாம் நாள் இரவில் பல குழந்தைகள் இடைவிடாமல் பால் கேட்டு அழும். உறவினர் அனைவரும் கலங்கும் இரவு அது. இரவில் புரோலாக்டின் மிகுதியாகச் சுரப்பதால், அவ்விரவின் பாலூட்டல் மூன்றாம் நாளின் சுரப்புக்கு வலுச்சேர்க்கிறது. அந்த இரவு அப்படித்தான் இருக்கும் என்று முன்னரே தெரிந்திருப்பது பாதி ஆறுதல்.

பற்றும் முறையைச் சொற்களால் விளக்குவது கடினம். செவிலியர் அருகிருந்து காட்ட வேண்டியது. சுருங்கச் சொன்னால், குழந்தையின் வாய் அகலத் திறந்திருக்க வேண்டும். முலைக்காம்பு மட்டுமின்றி அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் செல்ல வேண்டும். மோவாய் மார்பில் படிய வேண்டும். கீழுதடு வெளிப்புறம் மடிந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் சில நொடிகள் கூச்சமோ வலியோ இருக்கலாம். வலி தொடர்ந்தால் பற்றுதல் சரியில்லை என்று பொருள். சிறு விரலைக் குழந்தையின் வாயோரம் நுழைத்து விடுவித்து, மீண்டும் வைக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வது இங்கே தேவையற்ற தியாகம். காம்பில் வெடிப்பு உண்டாகுமே தவிர வேறு பயனில்லை.

அறுவை சிகிச்சை நேர்ந்தால் என்ன செய்வது என்பதை எல்லோரும் முன்னரே எண்ணிப் பார்த்திருத்தல் நலம். மேற்சொன்ன ஆய்வின்படி கேரளத்தில் 38.9 விழுக்காடும் தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடும் சிசேரியன் பிரசவங்கள். எனவே இது அரிதான நேர்வன்று. பெரும்பாலான சிசேரியன்களில் முதுகுத்தண்டில் மருந்து செலுத்தி இடுப்புக்குக் கீழே மட்டும் உணர்விழக்கச் செய்வதால் தாய் விழிப்புடனேயே இருக்கிறாள். தாயும் சேயும் நலமாக இருப்பின், மேசையிலேயே குழந்தையை மார்பில் கிடத்தவும், முதல் ஒரு மணி நேரத்தில் பாலூட்டவும் இயலும். தையலின்மேல் பாரம் படாதவாறு ஒருக்களித்துப் படுத்தோ, குழந்தையின் கால்கள் தாயின் பின்புறம் நோக்கும்படி கைக்கடியில் இடுக்கிப் பிடித்தோ ஊட்டலாம். தாய் மீட்பறையில் இருக்கும் நேரத்தில் தந்தை தன் வெற்று மார்பில் குழந்தையை அணைத்து வைத்திருந்தால் குழந்தையின் உடல்வெப்பம் காக்கப்படும். சிசேரியனுக்குப் பின் வழக்கமாகத் தரப்படும் வலிநிவாரணிகளும் நோயெதிர் மருந்துகளும் பெரும்பாலும் பாலூட்டலுக்குத் தடையாவதில்லை. 'மருந்து சாப்பிடுகிறேன், பால் கொடுக்கலாமா?' என்று மருத்துவரிடமே கேட்டுத் தெளிவது முறை. பக்கத்துக் கட்டிலாரிடம் கேட்டு நிறுத்திவிடக் கூடாது.

மருத்துவமனையிடம் கேட்க வேண்டியவற்றை எட்டாம் மாதத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. வலி வந்தபின் எவரும் எதையும் கேட்பதில்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989 இல் வகுத்து, 2018 இல் திருத்தி வெளியிட்ட பத்துப் படிநிலைகள் மகப்பேறு மருத்துவமனைகளுக்கான அளவுகோலாக உள்ளன. அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சில கேள்விகளாக மாற்றிக்கொள்ளலாம். பிறந்தவுடன் குழந்தையைத் தாயின் மார்பில் கிடத்துவீர்களா? சிசேரியன் ஆனாலுமா? குழந்தை இரவும் பகலும் தாயுடனேயே இருக்குமா, தனியறைக்குக் கொண்டு செல்லப்படுமா? எந்தச் சூழலில் பால்பவுடர் தருவீர்கள், அதை யார் முடிவு செய்வார், எங்களிடம் சொல்லிவிட்டுத் தருவீர்களா? இரவுப் பணியில் பாலூட்ட உதவக்கூடிய செவிலியர் உண்டா? இவற்றைப் பணிவுடன் கேட்பதில் தவறேதுமில்லை. மருத்துவக் கோப்பில் 'தாய்ப்பால் மட்டும்' என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். வங்கியில் வாய்மொழி உறுதிக்கு என்ன மதிப்போ, அதே மதிப்புதான் பணிமுறை மாறும் மருத்துவமனையிலும்.

குழந்தைப் பால்பவுடரைப் பொறுத்தவரை 1992 ஆம் ஆண்டுச் சட்டமொன்று நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. 2003 இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. பால்பவுடருக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்வதும், தாய்மார்க்கு இலவச மாதிரி வழங்குவதும், மருத்துவப் பணியாளர்க்குப் பரிசளிப்பதும் அதன்படி தடைசெய்யப்பட்டவை. டப்பாவில் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இருக்கக் கூடாது; தாய்ப்பாலே சிறந்தது என்ற அறிவிப்பு இருக்க வேண்டும். செலவையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: இரண்டு, மூன்று மாதக் குழந்தைக்கு முழுமையாகப் பால்பவுடரே கொடுத்தால் 400 கிராம் டப்பா நான்கைந்து நாள்களில் தீர்ந்துவிடும்.

கேரள மருத்துவமனைகளில் நோயாளியுடன் தங்கும் துணைவரைப் 'பைஸ்டாண்டர்' என்பர். படிப்பறியாத பாட்டிமாரும் சரளமாகச் சொல்லும் சொல் இது. பாலூட்டலின் வெற்றியும் தோல்வியும் பெருமளவு இவர் கையில் என்பது என் கருத்து. தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் தாயாரோ மாமியாரோ அவ்விடத்தில் இருப்பர். அவர்கள் அன்பில் குறைவைப்பதில்லை. ஆயினும் 'என் காலத்தில்' என்று தொடங்கும் வாக்கியங்கள் அந்த மூன்று நாள்களில் நன்மையும் செய்யும், தீமையும் செய்யும். எனவே எட்டாம் மாதத்து மருத்துவப் பரிசோதனை ஒன்றுக்காவது அவரையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது. சீம்பாலின் அளவைப் பற்றி மகள் சொல்லிக் கேட்பதைவிட மருத்துவர் சொல்லிக் கேட்டால் அவர் எளிதில் ஏற்பார். இரவில் யார் தங்குவது என்பதையும் முன்னரே முடிவு செய்ய வேண்டும். தையலோடு படுத்திருப்பவளிடம் குழந்தையை எடுத்துத் தருவதும், ஈரத்துணிகளின் எண்ணிக்கையைக் குறித்து வைப்பதும், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் ஏந்தி வரும் விருந்தினரை அன்போடு விரைவில் விடைபெறச் செய்வதும் அவர் கடமைகள். மூன்றாவது கடமைக்குச் சற்று மனவுறுதி வேண்டும். கட்டிலைச் சுற்றி ஆறு பேர் நிற்கையில் எந்தப் பெண்ணும் கூச்சமின்றிப் பாலூட்ட இயலாது. மனஅழுத்தம் பாலை வெளிப்படுத்தும் ஆக்ஸிடோசின் எனும் ஹார்மோனையும் தடுக்கும்.

திருவனந்தபுரத்துத் தமிழர்க்கு இருவகை மரபுகளும் சொந்தம். தமிழகத்து வழக்கப்படி பெரியவர் ஒருவர் குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது 'சேனை வைத்தல்'. மலையாள வழக்கப்படி பொன்னையும் வயம்பையும் தேனில் உரைத்துத் தருவதுண்டு. கரமனையிலும் சாலையிலும் சில வீடுகளில் இரண்டும் நடைபெறும். இவற்றின் பின்னுள்ள வாழ்த்தை நான் மதிக்கிறேன். எனினும் பிறந்த குழந்தையின் வாயில் தாய்ப்பாலன்றி எதையும் வைக்கலாகாது என்பதில் மருத்துவ உலகில் இரு கருத்தில்லை. தேனில் போட்டுலிசம் எனும் நச்சுநோயை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக்கூடும் என்பதால் ஓராண்டு நிறையும்வரை தேன் கூடாது. உரைக்கும் கல்லின் தூய்மைக்கும் எவரும் பொறுப்பேற்க முடியாது. பொன்னைக் குழந்தையின் உள்ளங்கையில் தொடுவித்து வாழ்த்தலாமே என்று வீட்டுப் பெரியவரிடம் பிரசவத்துக்கு முன்பே பேசி வையுங்கள். பிரசவ அறை வாசலில் பேசினால் அது மனவருத்தமாக முடியும்.

பால் போதுகிறதா என்பதை அழுகையைக் கொண்டு அளக்கக் கூடாது. அதற்கு வேறு கணக்கு உண்டு. முதல் நாள் ஒருமுறையாவது, இரண்டாம் நாள் இருமுறையாவது, மூன்றாம் நாள் மும்முறையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பின் நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையலாகாது. கரிய மலம் பச்சையாகி, நான்கைந்து நாள்களில் மஞ்சளாக மாற வேண்டும். எடை முதல் நாள்களில் 7 விழுக்காடு வரை குறைவது இயல்பு. 3 கிலோவுடன் பிறந்த குழந்தை மூன்றாம் நாளில் 2.8 கிலோ இருந்தால் அச்சம் வேண்டா; இரு வாரங்களுக்குள் பிறந்த எடையை மீண்டும் எட்டிவிடும். குறைவு 10 விழுக்காட்டை நெருங்கினால் மருத்துவர் உடனே பார்க்க வேண்டும். பால் குடிக்க எழுப்பியும் எழாமல் துவண்டு கிடத்தல், சிறுநீர் நின்றுபோதல், மஞ்சள் நிறம் கால்வரை பரவுதல் ஆகியவையும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கூடுதல் பால் உண்மையிலேயே தேவைப்படும் குழந்தைகள் உண்டு. குறைமாதத்திலோ குறைந்த எடையிலோ பிறந்தவை, சர்க்கரை நோயுள்ள தாய்மார்க்குப் பிறந்து இரத்தச் சர்க்கரை தாழ்ந்தவை, நீரிழப்புக்கு ஆளானவை ஆகியவற்றுக்கு மருத்துவர் கூடுதல் பால் தரச் சொன்னால் மறுத்தல் கூடாது. அது குழந்தையின் உயிரைப் பொறுத்தது. அப்போதும் முதலிடம் தாயிடமிருந்து பீய்ச்சி எடுத்த பாலுக்கு. அடுத்து, கொடையாகப் பெற்ற தாய்ப்பாலுக்கு. அதன் பின்னரே பால்பவுடர். புட்டிக்கு மாற்றாகச் சிறு கிண்ணத்தாலோ பாலாடையாலோ புகட்டலாம். நம் வீடுகளில் சங்கு என்றும் பாலாடை என்றும் வழங்கிய மூக்குக் கிண்ணம், இன்று பச்சிளங்குழந்தை மருத்துவ நூல்களில் 'பாலாடை' என்ற தமிழ்ப் பெயராலேயே ஆங்கிலத்திலும் குறிக்கப்படுகிறது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் பையில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். நன்கு கொதிக்க வைத்துப் பயன்படுத்த வேண்டும்.

குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால், பிறந்த சில மணி நேரங்களுக்குள் கையால் பால் பீய்ச்சத் தொடங்கி, நாளொன்றுக்கு எட்டு முறையாவது தொடர வேண்டும். துளிகளாக வந்தாலும் வீணாக்காமல் செவிலியரிடம் கொடுங்கள். மஞ்சள் காமாலைக்காக நீல ஒளியின்கீழ் வைக்கப்படும் குழந்தைக்கும் இடையிடையே எடுத்துப் பாலூட்டலாம். சொந்தப் பால் கிடைக்காத குழந்தைகளுக்கென்றே தாய்ப்பால் வங்கிகள் தோன்றின. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989 இல் மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸ் அவர்களால் தொடங்கப்பட்டது; கேரளத்தின் முதலாவது வங்கி 2021 பிப்ரவரியில் எர்ணாகுளம் பொது மருத்துவமனையில் திறக்கப்பட்டது. கொடையாளர்க்கு இரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கி, உறைய வைத்துப் பாதுகாக்கின்றனர். எங்கள் தொழிலின் பெயரை இரவல் பெற்ற நிறுவனங்களுள் நான் மிகவும் மதிப்பது இது.

பணிபுரியும் மகளிர்க்கு ஒரு கூட்டல் கணக்கு. 2017 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதலிரு குழந்தைகளுக்கு மகப்பேறு விடுப்பு 26 வாரம். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். அந்த 8 வாரத்தையும் முன்னரே செலவிட்டால் பின்னர் எஞ்சுவது 18 வாரம், அதாவது நான்கு மாதம். தாய்ப்பால் மட்டும் தர வேண்டியதோ ஆறு மாதம். உடல்நலம் இடங்கொடுப்பின் விடுப்பைப் பின்னால் சேர்த்து வைப்பதே சிறந்தது. பிரதான் மந்திரி மாத்ரு வந்தனா திட்டத்தில் தகுதியுள்ள தாய்மார்க்கு முதற்குழந்தைக்கு 5,000 ரூபாய் இரு தவணைகளில் வங்கிக் கணக்கில் நேரடியாக வரவு வைக்கப்படுகிறது. கணக்கு தாயின் பெயரிலேயே இருந்து, ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். இவ்வேலையை ஏழாம் மாதத்துக்குள் முடித்துவிட்டால் கைக்குழந்தையுடன் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

வீடு திரும்பும் நாளில், குழந்தையின் அன்றைய எடையை விடுவிப்புச் சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள். பின்னர் ஒப்பிட அதுவே அடிப்படை. கிளம்புமுன் ஒரு முழு வேளைப் பாலூட்டலைச் செவிலியர் ஒருவர் அருகிருந்து பார்க்கும்படி வேண்டுங்கள். மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளின் இல்லத்துக்கு 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில் ஆஷா பணியாளர் வர வேண்டுமென்பது தேசிய அளவிலான ஏற்பாடு. திருவனந்தபுரத்து ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை போன்ற இடங்களுக்குக் களியக்காவிளையைக் கடந்து வந்து பிரசவித்துச் செல்லும் குமரி மாவட்டத்துப் பெண்களும், இங்கிருந்து தாய்வீட்டுக்கு நாகர்கோவிலோ திருநெல்வேலியோ செல்பவர்களும், இந்த ஏற்பாட்டில் விடுபட்டுப்போக வாய்ப்புண்டு. பதிவு ஓர் ஊரிலும் குழந்தை மற்றோர் ஊரிலும் இருப்பதே காரணம். தங்கப்போகும் ஊரின் கிராம சுகாதார செவிலியரின் தொலைபேசி எண்ணைப் பிரசவத்துக்கு முன்பே பெற்று, வீடு வந்து சேர்ந்த அன்றே அவருக்குத் தெரிவித்துவிடுங்கள்.